சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் இன்ஜினியர்

எனக்குப் பிறந்த வீடு கம்பம் பக்கம். அங்கே பல வீடுகளில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படமும் மாட்டியிருக்கும். தை மாசம் பொங்கல் வைத்தால் அவருக்கும் ஒரு படையல் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக்தான் அவர்.

நான் வாழ்க்கைப்பட்டது கிருஷ்ணன்கோவில். இங்கே வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அந்த மலைகளுக்குப் பின்னால்தான் பெரியாற்றுக் காடு. (வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல்லில் இருக்கும் பெரியாறு அணை வேறு, இது வேறு.) ஆனாலும் இந்தப் பக்கம் அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தத் தண்ணீர் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறதே தவிர, நம் பக்கம் வரவில்லை. அதனால் இருக்கலாம்.

அவர் பிறந்தது 15.1.1841ல், புனாவில். அப்பா ராணுவத்தில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13ம் தேதி பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் நடந்த சண்டையில் அப்பாவும், 17 வயது அண்ணனும் ஒரே நாளில் இறந்து போனார்கள். இன்னும் இரண்டு நாளில் இந்தப் பையனுக்கு எட்டாவது பிறந்த நாள்! புருஷனையும் ஒரு பிள்ளையையும் ஒன்றாகப் பறிகொடுத்த அந்தத் தாய், மற்ற பிள்ளைகளை எப்படித்தான் ஆளாக்கினாரோ! படிக்க வைத்தார். பையன் இன்ஜினியராகி, 1860ல் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தார்.

1876லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாமல் ஜனங்கள் செத்துப் போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையெல்லாம் பெரியாறாக ஓடி மேற்கே கடலில் கலந்து கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வைகை காய்ந்து கிடந்தது. ஆற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் போட்டு, தண்ணீரைக் கிழக்கே திருப்பி விட வேண்டும் என்பதுதான் திட்டம். யோசனை பழசு. செய்து காட்டும் பொறுப்பு பென்னிகுவிக்குக்கு வந்தது.

1887ல் வேலை ஆரம்பமானது. யானையும் புலியும் நடமாடும் காடு. ரோடு கிடையாது. சிமெண்டும் கிடையாது, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிதான். கட்டியதை வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்டுவார்கள். காய்ச்சலிலும் நோயிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டு வருஷப் பாட்டுக்குப் பிறகு, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் இருபோகம் நெல் விளைகிறது என்றால் அந்தத் தண்ணீர்தான் காரணம்.

பணம் போதாமல் சொந்தச் சொத்தையும், மனைவி நகைகளையும் விற்று அணையைக் கட்டினார் என்று ஊரில் கதையாகச் சொல்வார்கள். சின்ன வயசில் நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். ஆனால் செலவு செய்தது சென்னை அரசாங்கம், சொத்து விற்றதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நகையைக் கழற்றிக் கொடுத்தால்தான் தியாகமா? அவர் மனைவி பெயர் கிரேஸ். 1879ல் கல்யாணம். ஐந்து பெண், ஒரு பையன் என்று ஆறு பிள்ளைகள். அணை வேலை நடந்தபோது வீட்டில் சின்னஞ்சிறுசுகள். புருஷன் புலி நடமாடும் காட்டில், விஷக் காய்ச்சலுக்கு நடுவில். இன்றைக்குப் புருஷன் வெளியூர் போனால் ஒரு போன் வராவிட்டாலே நமக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தக் காலத்தில் அந்த அம்மாள் எப்படி இருந்திருப்பார்? காட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராத கூலியாட்களின் மனைவிமார் எப்படி இருந்திருப்பார்கள்? அவர்கள் படம் எந்தச் சுவரிலும் இல்லை.

பென்னிகுவிக் 1896ல் ரிட்டயர் ஆனார். அதற்கப்புறமும் சும்மா சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்லப் போனார். கடைசியில் கேம்பர்லி என்ற ஊரில் குடும்பத்தோடு இருந்து, 9.3.1911ல் 70 வயசில் கண்ணை மூடினார். மகன் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதி ஆனார்.

கூடலூர் பக்கம் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் கட்டி, 2013ல் அவர் பிறந்த நாளிலேயே திறந்தார்கள். 2022ல் நம் தமிழக அரசு கேம்பர்லியிலேயே சிலையும் வைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அவரைச் சாமி ஆக்கிவிட்டால், "அது சாமி, நம்மால் முடியுமா?" என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடும். அப்பாவை இழந்த ஒரு பையன், ஆறு பிள்ளை பெற்ற ஒரு குடும்பஸ்தர், கட்டியது இடிந்தாலும் மறுபடி கட்டிய ஒரு மனுஷர் என்று சொல்லிக் கொடுத்தால்தான் அவர்களுக்குத் தைரியம் வரும். அப்படிச் சொல்லும்போது கிரேஸ் அம்மாள் பெயரையும், உயிரை விட்ட கூலியாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். பி.டபிள்யூ.டி., மின்வாரியம், ரயில்வே என்று வேலை பார்த்து ரிட்டயரான அப்பாவோ மாமனாரோ நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். எந்தப் பாலத்துக்கு, எந்தக் கண்மாய் மடைக்கு அவர்கள் வெயிலில் நின்றார்கள் என்று கேட்டிருக்கிறோமா? சாயங்காலம் காபி கொடுக்கும்போது பத்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். முடித்ததும் அப்படியே அடுப்படிக்குப் போய், அந்த வருஷங்களில் வீட்டை எப்படி ஓட்டினீர்கள் என்று அம்மாவையும் அத்தையையும் கேளுங்கள். அவர்களிடம் இன்னும் நிறைய இருக்கும்.

- ஒரு இல்லத்தரசி, கிருஷ்ணன்கோவில்.