இரு மதுராந்தகர்: ‘பொன்னியின் செல்வன்’ திரைவடிவின் இறுதிப் பகுதியும் வாசகப் பார்வையாளரின் எதிர்வினையும்

ஆய்வுச்சுருக்கம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைத் தழுவி மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. நாவலின் முடிவிலிருந்து அது விலகியதை வாசகர் பலர் ‘வரலாற்றை மாற்றியதாக’க் கண்டித்தனர். மாற்றப்பட்டவற்றுள் முதன்மையான பகுதிகள் கல்கியின் கற்பனை என்பதையும், மதுராந்தகன் தொடர்பில் திரைப்படம் சாசனச் சான்றுகளுக்கு நெருங்கி வந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஆயினும் வாசகரின் மனக்குறை பொருளற்றதன்று. அது வரலாற்றைப் பற்றியதாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் நாவலின் அறக்கட்டமைப்பைப் பற்றியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கல்கி, பொன்னியின் செல்வன், தழுவல், உத்தம சோழன், திருவாலங்காட்டுச் செப்பேடு, கச்சிப்பேடு, வாசக எதிர்வினை.

1. முன்னுரை

நாவலைத் தழுவிய திரைப்படமோ தொடரோ தன் இறுதிப் பகுதியில் மூலத்தை விட்டு விலகும்போது எழும் எதிர்ப்பு எல்லா மொழிகளிலும் காணப்படுவது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இறுதிப் பருவம் 2019இல் ஒளிபரப்பானபோது, அதனை மீண்டும் எடுக்குமாறு பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இணையவழி மனுவில் ஒப்பமிட்டனர். அங்கு மூல நாவல்வரிசையே நிறைவு பெறவில்லை. பார்வையாளர் மேற்கோளாகக் காட்ட எழுதப்பட்ட முடிவு எதுவும் இல்லை. தமிழில் நிலை வேறு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து நிறைவுற்றது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பல பதிப்பகங்கள் அதனை வெளியிட்டன. ஏறத்தாழ எழுபதாண்டுகளாக மூன்று தலைமுறையினர் அறிந்த முடிவொன்று திரையரங்கிற்குள் பார்வையாளருடனேயே நுழைந்தது. அந்த முடிவுக்கும் திரையில் கண்ட முடிவுக்கும் இடையிலான தொலைவே எதிர்வினையின் ஊற்றுக்கண்.

2. நாவலின் முடிவும் திரையின் முடிவும்

புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்னும் ஐந்து பாகங்களைக் கொண்டது நாவல். அருள்மொழியின் கடல் விபத்துடன் திரைப்படத்தின் முதற்பாகம் முடிந்தது. நாவலில் இந்நிகழ்ச்சி இரண்டாம் பாகத்தின் இறுதியில் வருவதாகும். ஆகவே எஞ்சிய மூன்று பாகங்களின் கதைப்பொருளும் மூன்று மணிநேரத்திற்குட்பட்ட ஒரே படத்தில் அடங்கவேண்டியதாயிற்று. சுருக்குதல் தவிர்க்கவியலாதது. எதனைச் சுருக்குவது என்பதே படைப்பாளியின் தேர்வு.

முதன்மையான மாற்றங்கள் நான்கு. முதலாவது, கடம்பூர் இளவரசி மணிமேகலை திரையில் இல்லை. நாவலோ வந்தியத்தேவனின் மடியில் அவள் உயிர்நீக்கும் காட்சியுடன்தான் நிறைவுறுகிறது. இரண்டாவது, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைப் பலர்மீதும் ஐயம் படரும்படி கல்கி திறந்து விட்டிருந்தார். திரைப்படம், கரிகாலன் சாவைத் தானே நாடி ஏற்றவன் என்ற விடையின்பால் சாய்கிறது. மூன்றாவது, நாவலின் இறுதியில் இல்லாத இராஷ்டிரகூடப் போர் திரையில் சேர்க்கப்பட்டது. நான்காவதும் இக்கட்டுரைக்கு இன்றியமையாததும், மதுராந்தகன் பற்றிய மாற்றமாகும்.

நாவலில் மதுராந்தகர் இருவர். செம்பியன் மாதேவியின் மகனாக அரண்மனையில் வளர்ந்து அரசுரிமைக்கு ஆசைப்படுபவன் உண்மையில் மந்தாகினி பெற்ற பிள்ளை, நந்தினியுடன் பிறந்தவன். இறந்ததாகக் கருதப்பட்ட உண்மையான மகன் பிழைத்து, வாய்பேசா வாணி அம்மையின் வளர்ப்பில், தஞ்சையில் பூத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனாக வாழ்கிறான். இறுதியில் அருள்மொழி முடியைச் சூட்டுவது இந்தச் சேந்தன் அமுதனுக்கே. பூங்குழலி அவனுடைய அரசியாகிறாள். திரைப்படத்தில் இந்த ஆள்மாற்றக் கதை இல்லை. அரசை விரும்பிக் கிளர்ந்த அதே மதுராந்தகனுக்கே அருள்மொழி முடிசூட்டுகிறான்.

3. எதிர்வினைகளின் இயல்பு

படம் வெளியான வாரங்களில் இதழ் விமர்சனங்களிலும் பொதுவெளி உரையாடல்களிலும் வெளிப்பட்ட கருத்துகளை மூவகையாகப் பகுக்கலாம். நாவலை வாசியாதோர் திரைப்படத்தைத் தனித்த படைப்பாகக் கொண்டு, கரிகாலன் – நந்தினி உறவின் செறிவைப் பாராட்டினர். நாவலை அறிந்தோருள் ஒரு சாரார், ஊடகம் மாறும்போது கதையும் மாறும் என அமைதி கண்டனர். மற்றொரு சாரார் மணிமேகலையின் இன்மையையும் சேந்தன் அமுதனின் சுருக்கத்தையும் இழப்பாகக் கருதினர். இம்மூன்றாம் வகையினரின் சொல்லாட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. ‘கதையை மாற்றிவிட்டார்’ என்பதோடு அவர்களுட் பலர் நிற்கவில்லை. ‘வரலாற்றை மாற்றிவிட்டார்’ என்றனர்.

இத்தகைய நிறைவின்மை புதிதுமன்று. நாவல் 1954இல் முடிவுற்றபோதே அதன் முடிவு வாசகர் சிலருக்கு நிறைவளிக்கவில்லை. பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்ற வினாக்களுக்கு விடையளித்துக் கல்கி தனியாக முடிவுரை எழுத நேர்ந்தது. சமூக நாவலைப்போல் வரலாற்று நாவலை முழுமையாக முடித்துவிட இயலாது என்ற தம் நிலைப்பாட்டையும் அதில் அவர் விளக்கினார். அன்று மூல ஆசிரியரே எதிர்கொண்ட குறைபாட்டுக் குரல், இன்று அவருடைய முடிவையே அளவுகோலாக்கி, தழுவியவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. காலத்தால் ஒரு நாவலின் முடிவு எவ்வாறு புனிதமாகிறது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

4. சாசனங்களில் மதுராந்தகன்

வரலாற்றுச் சான்றுகள் காட்டும் மதுராந்தக உத்தம சோழன் ஒருவனே. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த அவன், ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டான். முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் மறைந்தபின் குடிமக்கள் வேண்டியும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பியதால் அருண்மொழி அரசை மனத்தாலும் விழையவில்லை எனக் கூறுகிறது. சிற்றப்பனின் விருப்பத்தை அது மறைக்கவில்லை. அந்த விருப்பத்திற்கு வழிவிட்டதையே அருண்மொழியின் பெருமையாகப் பேசுகிறது.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் தொடக்க ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உறவினர் நிலங்கள் பறிமுதலானதைத் தெரிவிக்கிறது. உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுதும் கொலையாளிகள்மீது நடவடிக்கை இல்லாததுபோல் தோன்றுவதால், அவன்மீது ஐயம் எழுந்தது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அவ்வையத்தை முன்வைத்தார்; தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

கல்கி எழுதத் தொடங்கிய காலத்தில் இந்த விவாதம் நடப்பிலிருந்தது. சிவத்தொண்டிற் சிறந்த கண்டராதித்தருக்கும் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன், அரசுக்கு ஆசைப்பட்டவனாகவும் கொலைக்கு உடந்தையானவனாகவும் எவ்வாறு இருக்க இயலும்? இந்த வினாவுக்குக் கல்கியின் விடைதான் இரு மதுராந்தகர். ஆசையை ஒருவன்மீதும் பக்தியை மற்றொருவன்மீதும் அவர் பகிர்ந்தளித்தார். ஆசை கொண்டவன் பாண்டிய ஆபத்துதவிகளுடன் செல்கிறான். பக்தன் உத்தம சோழனாகிறான். சான்றுகளின் முரணைக் கற்பனையால் தீர்த்த நுட்பமான உத்தி இது. திரைப்படம் இந்த உத்தியைக் கைவிட்டு, ஒரே மதுராந்தகனை நிறுத்தியது. அவ்வளவில் அது திருவாலங்காட்டுச் செப்பேட்டிற்கு அணுக்கமானது. வரலாறு மாற்றப்பட்டதாகக் கூறப்பட்ட இடத்தில்தான் கற்பனை விலக்கப்பட்டுள்ளது.

இதனால் திரைப்படம் முழுவதும் வரலாற்றுக்கு நெருங்கியது என்பது பொருளன்று. நந்தினி திரையிலும் கற்பனையே. 949இல் தக்கோலத்தில் இராசாதித்தன் வீழ்ந்தபின் தொண்டை மண்டலத்தில் இராஷ்டிரகூடர் ஆதிக்கம் நிலவியது உண்மையெனினும், திரையின் இறுதிப் போருக்கு அவ்வகைச் சான்று இல்லை.

5. கச்சிப்பேட்டில் உத்தம சோழன்

நாவலிலும் வரலாற்றிலும் காஞ்சிக்கு இக்கதையில் தனியிடம் உண்டு. வந்தியத்தேவன் ஏந்திவரும் ஓலைகள் காஞ்சியிலிருந்து கரிகாலன் அனுப்பியவை. தன் தந்தைக்கென அவன் பொன்மாளிகை எழுப்பியதும் அங்கேதான். ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ எனச் சுந்தர சோழனைக் கல்வெட்டுகள் குறிப்பது இக்கற்பனைக்கு அடிப்படை.

உத்தம சோழனின் உருவை மீட்டெடுக்கவும் காஞ்சியே துணைசெய்கிறது. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள அவனது செப்பேடு, 16ஆம் ஆட்சியாண்டில், அவன் கச்சிப்பேட்டு அரண்மனையில் இருந்தபோது பிறப்பிக்கப்பட்ட ஆணையைக் கொண்டது. ஊரகத்துத் திருமால் கோயிலின் முதலீடுகளிலிருந்து வரும் வருவாய், வழிபாட்டுச் செலவு, பணியாளர்க்குரிய பங்கு ஆகியவை அதில் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. அக்கோயில் இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலாகும். கருவுளான்பாடி, கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்னும் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியரான நெசவாளர் கோயிற் பொறுப்பில் இணைக்கப்பட்டிருந்தனர். பட்டு நெசவும் கோயிலும் இன்றும் அடையாளமாகத் திகழும் நகரில், இவ்விரண்டையும் ஓர் ஆணையில் பிணைத்தவன் இந்த உத்தம சோழனே.

இச்செப்பேட்டில் காணப்படுபவன் கொடியவனுமல்லன். பூக்குடலை ஏந்திய துறவுள்ளத்தானுமல்லன். கணக்கு வழக்கில் கருத்துடைய ஆட்சியாளன். அரசை விரும்பியவன் நல்லரசனாக இருந்திருக்கவும் கூடும் என்ற எளிய வாய்ப்பை இச்சான்று நினைவூட்டுகிறது. நாவல் அவனை இருவராகப் பிளந்ததால் இவ்வாய்ப்பு அங்கு எழவில்லை. திரைப்படம் அவனை ஒருவனாக்கியும், முடிசூடலுடன் நின்றுவிடுவதால் இங்கும் அது விரியவில்லை.

6. வாசகர் இழந்தது யாது?

வாசகரின் குறை வரலாற்றுச் சான்றால் தள்ளுபடியாகிவிடுமா? ஆகாது. வரலாறு என்ற சொல்லால் அவர்கள் சுட்டியது வேறொன்றை. நாவலின் ஐந்தாம் பாகத்திற்குத் ‘தியாக சிகரம்’ எனப் பெயர். அருள்மொழி முடியைத் துறக்கிறான். வானதி அரியணையில் அமர்வதில்லை எனச் சூளுரைக்கிறாள். மந்தாகினி உயிரை ஈகிறாள். மணிமேகலை காதலனைக் காக்கக் கொலைப்பழியையும் தன்மேல் ஏற்கத் துணிகிறாள். முடியைப் பெறும் சேந்தன் அமுதனும் அதனை விரும்பாதவன். கொடுப்பவன், பெறுபவன் இருவருமே விழைவற்றவராக நிற்கும் காட்சியில்தான் இந்தத் தொடர் உச்சம் கொள்கிறது.

திரையில் விரும்புவோனுக்கு முடி வழங்கப்படுகிறது. அருள்மொழியின் துறவு அதனால் சிறுமையுறவில்லை. செப்பேடு போற்றுவதும் அத்தகைய துறவையே. எனினும் பலர் பங்கேற்ற தியாகம் ஒருவனின் தியாகமாகக் குறுகியது. அரசகுலத்தைச் சாராத வாழ்வை வாழ்ந்த பூத்தொண்டனும் ஓடக்காரப் பெண்ணும் அரியணையில் அமரும் எதிர்பாராமையும் மறைந்தது. வாரந்தோறும் காத்திருந்து வாசித்த தலைமுறையினர்க்கும், அவர்வழிக் கதையாகக் கேட்டு வளர்ந்தோர்க்கும் நாவலின் நெஞ்சம் அந்த எதிர்பாராமையில் இருந்தது. அது இல்லாமற்போனதைச் சுட்டத் தகுந்த திறனாய்வுச் சொல் கிடைக்காமையால், ‘வரலாறு’ என்ற சொல்லை அவர்கள் கையாண்டனர் எனக் கொள்வது பொருந்தும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தமிழ் வாசக மனத்தில் ‘பொன்னியின் செல்வன்’ பத்தாம் நூற்றாண்டுச் சோழ வரலாற்றின் இடத்தைப் பெருமளவு நிரப்பியுள்ளது. அதன் கற்பனைப் பகுதிகள் மாறும்போது வரலாறே மாறியதான உணர்வு எழுகிறது. மற்றொன்று, தழுவலை மதிப்பிட ‘மூலத்திற்கு உண்மை’, ‘வரலாற்றுக்கு உண்மை’ என்னும் இரு அளவுகோல்களையும் பிரித்தறிய வேண்டும். ஒன்றில் வெல்லும் மாற்றம் மற்றொன்றில் தோற்கலாம். மதுராந்தகன் பாத்திரத்தில் அதுவே நிகழ்ந்துள்ளது.

வரலாற்று நாவல் பாடமாகும் வகுப்பறைகளில் நாவல், திரைப்படம், சாசனம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒரே நிகழ்ச்சியைப் பயில்விப்பது இப்பிரிப்பை எளிதாக்கும். அருள்மொழி முடியை விட்டுக்கொடுத்த நிகழ்ச்சி அதற்கு ஏற்ற பாடப்பகுதி. கல்கியின் சேந்தன் அமுதனும் திரையின் மதுராந்தகனும் கச்சிப்பேட்டுச் செப்பேட்டின் உத்தம சோழனும் ஒரே வினாவுக்குக் கூறப்பட்ட மூன்று விடைகள் என்பதை மாணவர் அதன்வழி உணர்வர்.