உங்களுக்குத் தெரியுமா? கிள்ளானைக் கவிழ்த்த அபின் வரி!

சாலமோனின் ராஜ்யம் எப்படி உடைந்தது தெரியுமா? "உங்கள் அப்பா ஏற்றிய சுமையைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று மக்கள் கேட்டார்கள். மகன் ரெகொபெயாம் முடியாது என்றான். 12 கோத்திரங்களில் 10 போயே போய்விட்டன!

அவ்வளவு தூரம் எதற்கு? நம் கிள்ளானுக்கு வாருங்கள்!

1857. சிலாங்கூர் சுல்தான் முகமது வாரிசைச் சொல்லாமலே கண்மூடினார். அரியணை ஏறியவர் அவருடைய மருமகன் அப்துல் சமாட். அடுத்து 41 ஆண்டுகள் அவர்தான் சுல்தான்!

அதே 1857-இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அங்கிருந்து 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட ஆற்றோடு அனுப்பினார். அவர்கள் கரை இறங்கிய கூட்டாற்றில்தான் இன்று மஸ்ஜித் ஜாமேக் நிற்கிறது. ஒரே மாதத்தில் காய்ச்சலுக்கு 69 பேர் பலி. மிஞ்சியவர்கள் 18 பேர். கோலாலம்பூரின் தொடக்கம் அதுதான்!

1866-இல் கிள்ளானின் வரி வசூல் சிங்கப்பூர் வியாபாரிகளிடம் குத்தகைக்குப் போனது. அபினுக்கு வரி கட்டு என்றார்கள். பழைய சுல்தானின் பேரன் ராஜா மஹ்டிக்கு வந்ததே கோபம்! "நான் அரச பரம்பரை, நானா கட்டுவேன்?" என்று முறைத்தார். 1867-இல் கிள்ளானையே பிடித்துக்கொண்டார்!

சுல்தானுக்கு மாதம் 500 வெள்ளி தருவதாகச் சொன்ன மஹ்டி அதையும் நிறுத்தினார். சுல்தான் என்ன செய்தார்? கெடாவிலிருந்து வந்த தன் மருமகன் தெங்கு கூடினைக் களத்தில் இறக்கினார். சண்டை போட்ட தலைவர்கள் பலரும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள்! கூடினின் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள், இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்!

1872-இல் கோலாலம்பூர் எரிந்து சாம்பல். மறு வருடமே பகாங் படை வந்து கூடினுக்காக அதை மீட்டது. ஆக மொத்தம் 7 ஆண்டுப் போர்!

கடைசியில் ஜெயித்தது யார்? ஆங்கிலேயர்! 1874-இல் சுல்தானுக்கு 'ஆலோசனை' சொல்ல லங்காட்டுக்கு வந்தார் பிராங்க் சுவெட்டன்ஹாம். சுல்தானுக்கு வயது 70. ஆலோசகருக்கு 24!

அதன்பின் வரிப்பணம் ஆங்கிலேயர் கையில். சுல்தானுக்கு மாதப்படி! ராஜாவுக்குப் படி அளப்பது பழைய கதைதான். பாபிலோனில் சிறைப்பட்ட யூதா ராஜா யோயாக்கீனுக்கு எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு களிமண் பலகையில் அப்படியே கிடைத்திருக்கிறது. 2,600 ஆண்டுப் பழைய ரேஷன் சீட்டு!

டத்தாரான் மெர்டேக்கா எதிரே இருக்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அரண்மனை என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 1897-இல் முடிந்த அது ஆங்கில அரசாங்கத்தின் அலுவலகம். அதன் மணி முதன்முதலில் அடித்தது விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு!

பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் கொடுத்தவை செங்கல் சூளைகள். 1881 தீ, வெள்ளத்துக்குப் பிறகு கோலாலம்பூரையே செங்கல்லால் கட்டச் சொன்னவரும் அதே சுவெட்டன்ஹாம்தான்!

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே போகலாம், ராஜா அப்துல்லாவின் பழைய ஈயக் கிடங்குக்கு! மஹ்டியின் கோட்டை வாசலும் கிள்ளானிலேயே இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்!

சாலமோனின் அப்பா தாவீதின் சிம்மாசனம் கி.மு. 586-இல் காலியானது. 1766-இல் தொடங்கிய சிலாங்கூர் அரியணையோ இன்றும் நிலைத்திருக்கிறது. இப்போது அதில் இருப்பவர் 9-ஆவது சுல்தான்!