ஆறு இலக்கச் சாவி

நம் பாட்டிமார் இரும்புப் பெட்டியின் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டே வீடு முழுவதும் நடமாடுவார்கள். உறங்கும்போதும் அது அவர்களை விட்டுப் பிரியாது. இன்று குடும்பத்தின் சேமிப்பெல்லாம் வங்கிக் கணக்கில் வெறும் எண்ணாக வாசம் செய்ய, அதைத் திறக்கும் சாவியும் கைப்பேசியில் வந்து விழும் ஆறு இலக்க எண்ணாகிவிட்டது. இரும்புச் சாவியைக் களவாட ஒருவன் வீட்டுக்குள் புகவேண்டியிருந்தது. இந்தச் சாவியையோ, முகமறியாத ஒருவன் கேட்டமாத்திரத்தில் நாமே வாய் திறந்து கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சென்ற வருஷம் நேர்ந்ததை அவரே எனக்குச் சொன்னார். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிய ஒருவன், கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்பு காலாவதியாகிவிட்டதென்றும், அன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் கணக்கு முடங்கிவிடுமென்றும் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தான். அவருடைய முழுப் பெயரையும், டெபிட் கார்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் அவன் பிழையின்றிச் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் அற்றுப்போயிற்று. ஓ.டி.பி. என்னும் அந்த ஆறு இலக்க எண் வந்தது, அதன் கீழேயே, ‘எவரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற வாசகமும் இருந்தது. அவரோ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திய அதே நிதானத்தோடு, ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்.

பெயரும் கார்டு எண்ணும் அவனுக்கு எப்படிக் கிடைத்தன என்று கேட்டால், அவை ரகசியமாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது என்பதே விடை. 2016 அக்டோபரில் நம் தேசத்தின் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்திருக்கக்கூடுமென்று தெரியவந்து, வங்கிகள் கார்டுகளை முடக்கவும் மாற்றவும் நேர்ந்தது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 94 கோடி ரூபாயைச் சூறையாடினார்கள். அத்தகைய பெருங்களவுகளைத் தடுப்பது வங்கிகளின் கடமை. கடைகள் கார்டு எண்களைச் சேமித்து வைக்கலாகாது என்ற விதி 2022 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. நாம் உணரவேண்டியது ஒன்றுதான்: நம் விவரத்தை அறிந்திருக்கிறான் என்பதனாலேயே ஒருவன் வங்கிக்காரன் ஆகிவிடமாட்டான்.

ஆகவே, கசிந்துபோன விவரங்களுக்காக வருந்துவதைக் காட்டிலும், இன்னும் நம் வசம் இருக்கும் ஓ.டி.பி.யையும் பின் நம்பரையும் காப்பதே பிரயோஜனமானது. வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நாமே அழைத்து விசாரிக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டால், பெரும்பாலான வஞ்சகங்கள் அங்கேயே முறிந்துபோகும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் வரவேண்டுமானால் பின்னைப் போடுங்கள் என்பவன் திருடனே. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்தால் அழைப்பிதழ் வருவதில்லை. நம் குறுஞ்செய்திகளை அந்நியனுக்கு அஞ்சல் செய்யும் செயலியே உள்ளே குடியேறுகிறது. வெளிநாட்டுப் பயணமே இல்லாதவர், கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை வங்கிச் செயலியிலேயே அடைத்து வைக்கலாம். அன்றாடச் செலவுக்கென்று சிறு தொகையுள்ள தனிக் கணக்கு வைத்து, அதை மட்டும் யு.பி.ஐ.யோடு இணைப்பது இன்னும் உத்தமம்.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் பணம் போய்விட்டால் என்ன செய்வது? தலைமையாசிரியர் கணக்கிலிருந்து முதல் நாள் போனது 40,000 ரூபாய். படித்த மனிதன் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வதென்ற லஜ்ஜையில், அவர் அன்றிரவு எவரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் இன்னும் 60,000 போயிற்று. மகளிடம் சொன்னது நான்காம் நாள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 60,000 அவருடைய நஷ்டமாகியிராது. வங்கியின் பேரிலும் வாடிக்கையாளர் பேரிலும் குற்றமின்றி வேறெங்கோ நிகழ்ந்த கசிவினால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்றும் அதே சுற்றறிக்கை கூறுகிறது. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால், திருட்டுப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே வழியில் நிறுத்தி வைக்க இடமுண்டு; ஆனால் அது கைக்காசாக வெளியேறுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

அந்நியனிடம் மௌனம் காக்கவேண்டிய சமயத்தில் பேசிவிட்டு, சொந்த மனிதரிடம் பேசவேண்டிய சமயத்தில் மௌனம் காக்கிறோம். திருடனுக்கு இரண்டுமே லாபம். ஏமாந்து வந்து நிற்கும் பெரியவரை, ‘இதுகூடவா தெரியாது உங்களுக்கு?’ என்று ஏசும் வீட்டில், அடுத்த முறை எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். தலைமையாசிரியரின் மகள் ஏசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரை வங்கிக்கு அழைத்துச் சென்றாள்.

இப்போதெல்லாம் பென்ஷன் நாளில் வங்கி வாசலில் கூடும் நண்பர்களுக்கு அவர் தம் கதையை மறைக்காமல் சொல்லுகிறார். சொல்லி முடித்ததும், பாஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்லி, பழைய நிதானத்தோடு ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுகிறார்: ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம்.