குளத்தில் கவிழ்ந்த சுஹைலி



ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தினின்று 'சுஹைலி' என்ற உல்லாசப் பாய்ப்படகில் புறப்பட்டார். தன்னந்தனியராய், எத்துறையிலும் தங்காது உலகைச் சுற்றி, 312 நாட்களில் அங்கேயே மீண்டார். இவ்வாறு சுற்றிவந்தோரில் அவரே முதல்வர். இரு பாய்மரங்களும் சுமார் 32 அடி நீளமும் உடைய அப்படகு, நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டதாகும்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், மாணவன் ஒருவன் அதன் மாதிரியை 2 அடி நீளத்தில் செய்து கொணர்ந்தான். பதினாறில் ஒரு பங்கு என்பது அவன் கணக்கு. ஊர்க் குளத்தில் விட்டோம். இளங்காற்று வீசியதும் அது சாய்ந்து கவிழ்ந்தது. "பெருங்கடலைக் கடந்த படகு குளத்திலே கவிழுமா? எங்கோ அளவு பிசகிவிட்டாய்" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அன்று மாலை வரைபடத்தை வைத்து நானே அளந்து பார்த்தேன். ஓரிடத்தும் பிழை இல்லை!

காரணத்தைக் கேளுங்கள். நீளம் பதினாறில் ஒன்றானால், பாயின் பரப்பு 256இல் ஒன்றாகும். எடையோ 4,096இல் ஒன்றாகிவிடும். படகைச் சாய்க்கும் காற்றின் விசை பரப்பைப் பொறுத்தது. அதை நிமிர்த்தும் ஆற்றல் எடையைப் பொறுத்தது. ஆகவே, ஒரே காற்றில் மாதிரியின் நிமிரும் ஆற்றல் பதினாறு மடங்கு பின்தங்கிவிடுகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறுவது. எனவே, மணிக்கு 20 மைல் காற்றில் பெரிய படகு எவ்வளவு சாயுமோ, அவ்வளவு சாய்வதற்கு மாதிரிக்கு 5 மைல் காற்றே போதும்.

வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியியல் அறிஞர் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் நீர்த்தொட்டி அமைத்து, கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். பதினாறில் ஒரு பங்கான மாதிரியை, கப்பலின் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால்தான் இரண்டும் எழுப்பும் அலைகள் ஒத்திருக்கும் என்பதே அவர் விதி. இங்கும் அதே நான்கில் ஒன்று!

மறுவாரம் அதே வகுப்பின் முன் நின்று, பிழை என்னுடையதே என்று கூறினேன். பின்னர் இருவருமாக, ஏரா எனப்படும் அடிக்கட்டையை ஆழமாக்கி, அதன் அடியில் ஈயம் பொருத்தினோம். காற்றில் படகு சாய்ந்தது, மீண்டும் நிமிர்ந்தது. அலமாரியில் வைக்கும் மாதிரிக்கு அளவு மாறலாகாது. நீரில் விடும் மாதிரிக்கோ, கணக்கறிந்து மாற்றியே ஆகவேண்டும்.