பிலிம் கெட்டால் புது ரோல். போன முகூர்த்தத்துக்கு என்ன பதில்?

குன்னத்து மளிகை மொத்த வியாபாரிக்கும் போட்டோ லேபுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். நம் பில் புத்தகத்தில் அந்தச் சம்பந்தம் இருக்கிறது.

1994-இல் என் தங்கைக்குத் திருமணம். போட்டோக்காரர் நான்கு கலர் ரோல்கள் எடுத்தார். கழுவுவதற்குத் திருச்சியில் ஒரு லேபில் கொடுத்தார். மூன்று ரோல்கள் நன்றாக வந்தன. முகூர்த்தம் இருந்த நான்காவது ரோல் மட்டும் மெஷின் நின்றுபோனதால் மருந்திலேயே கிடந்து கறுத்துவிட்டது. 36 படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

லேபில் மன்னிப்புக் கேட்டார்கள். "எக்காரணத்தால் பிலிம் கெட்டாலும் புது ரோல் மட்டுமே தரப்படும்" என்று கவரில் அச்சிட்டிருந்ததைக் காட்டி, ஒரு ரோலைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் கார்த்திகையில் எங்கள் தகப்பனார் காலமானார். அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த படம் இன்றுவரை எங்கள் வீட்டில் இல்லை.

கலர் பிலிம் கழுவுவது நுட்பமான வேலை. சி-41 என்னும் முறையில் டெவலப்பர் மருந்து 37.8 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். பிலிம் அதில் 3 நிமிடம் 15 விநாடி இருக்க வேண்டும். சூடோ நேரமோ மாறினால் நிறம் கெடும். பிக்ஸர் மருந்து டெவலப்பரில் கலந்துவிட்டாலும் நஷ்டம்தான். ஆகவே தவறு நேருவது இயல்பே. அந்த நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதே கேள்வி.

இதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் அன்றே வழி காட்டியிருக்கிறது. லில்லி ஒயிட் சலவை நிலைய வழக்கு 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. சலவைக்குப் போட்ட புதுச்சேலை தொலைந்தது. மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சாகியிருந்தது. கவனக்குறைவாக இருந்துவிட்டு இப்படி ஒரு வரியைக் காட்டித் தப்புவது பொதுநலனுக்கு விரோதம் என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இங்கிலாந்தில் 1981-இல் நடந்த உட்மன் வழக்கு பிலிம் பற்றியதே. நண்பர் திருமணத்தில் எடுத்த படங்களில் பெரும்பகுதி லேபில் போய்விட்டது. புது ரோல் மட்டுமே என்ற நிபந்தனை செல்லாது என்று கூறி, 75 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். கூடுதல் கட்டணம் வாங்கிக் கூடுதல் கவனத்துடன் கழுவித் தரும் வழியை அந்த லேப் வைத்திருக்கவில்லை என்பது முக்கியக் காரணம்.

மறுபக்கமும் உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-இல் நம் உச்ச நீதிமன்றம், கூரியர் படிவத்தில் கையெழுத்திட்டவரை அதிலுள்ள 100 டாலர் வரம்பு கட்டுப்படுத்தும் என்றது. எனவே கையெழுத்துப் போடுமுன் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும்.

இன்றும் பிலிமில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில யோசனைகள்:

1. எல்லா ரோல்களையும் ஒரே நாளில் ஒரே லேபில் கொடுக்காதீர்கள்.

2. "திருமணப் படம், மறுபடி எடுக்க இயலாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

3. கெட்ட நெகடிவைத் தூக்கி எறியாதீர்கள். அது சாட்சி. லேசாகப் பழுதானதை ஸ்கேன் செய்து ஓரளவு மீட்கவும் கூடும்.

4. உறவினர்கள் எடுத்த படங்களை உடனே கேட்டு வாங்குங்கள்.

5. நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம்.

இனி நம் விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துக் கடைக்காரர் என்னிடம் வாங்கிய துவரம்பருப்பு மூட்டையில் வண்டு என்று திருப்பிக் கொண்டுவந்தார். "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று பில்லில் இருந்த வரியைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மூட்டையைச் சைக்கிளில் ஏற்றினார். அன்று அந்த லேப் வாசலில் நாங்கள் நின்றதும் இப்படித்தான். உடனே கூப்பிட்டு வேறு மூட்டை கொடுத்தேன். அடுத்த பில் புத்தகம் அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன்.

சட்டமும் இப்போது அதையே சொல்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் அச்சிட்ட வரி நம்மைக் காப்பாற்றாது.

அந்தக் கிராமத்துக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். நாங்கள் அந்த லேபுக்கு மறுபடி போகவேயில்லை.