அதே தூள், அதே பால்... மார்கழிக் காப்பி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?

இந்த எபிசோட் ஒரு கரண்ட் கட்ல இருந்து ஆரம்பிக்குது.

போன மார்கழி, சென்னையில எங்க வீடு. நான் டிசம்பர்லயும் ஏசி போட்டு, போர்வையும் போர்த்திக்கிட்டுத் தூங்குற ஆளு. சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். அன்னைக்குக் காலையில அஞ்சரைக்குக் கரண்ட் போச்சு, தூக்கமும் போச்சு. மொட்டை மாடிக்குப் போனேன். வெறுங்கால்ல தரை ஜில்லுனு இருந்துச்சு. தெருவுல ரெண்டு வீட்டு வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பத்து நிமிஷம் நின்னுட்டு, கையைத் தேய்ச்சுக்கிட்டே கீழ வந்தேன். அம்மா காப்பி கொடுத்தாங்க.

முதல் வாய் குடிச்சதுமே கேட்டேன், "என்னம்மா, தூள் மாத்திட்டியா?"

"அதே தூள்தாண்டா. நீதான் இன்னைக்கு மாறி எழுந்திருக்க."

அம்மா சொன்னதுக்கு அறிவியல்ல ஒரு பேரே இருக்கு, அலியஸ்தீசியா. மிஷேல் கபனாக்னு ஒரு உடலியல் விஞ்ஞானி 1971-ல 'சயின்ஸ்' இதழ்ல இதைப் பத்தி எழுதினார். அவர் செஞ்ச சோதனை ரொம்ப எளிமையானது. ஆட்களைத் தொட்டித் தண்ணியில உட்கார வச்சு, உடம்புச் சூட்டைக் கூட்டினார், குறைச்சார். அப்புறம் கையை மட்டும் வேற வேற சூட்டுல இருக்குற தண்ணியில விடச் சொல்லி, "சுகமா இருக்கா, இல்லையா?"னு கேட்டார். உடம்பு குளிர்ந்து இருந்தவங்களுக்கு வெதுவெதுப்பான தண்ணி சுகமா இருந்துச்சு. உடம்பு சூடா இருந்தவங்களுக்கு அதே தண்ணி பிடிக்கல, ஜில்லுனு இருந்ததுதான் பிடிச்சது.

அப்படின்னா, சுகம் தண்ணியில மட்டும் இல்ல. அந்த நேரத்துல உடம்புக்கு எது தேவையோ, அதைத்தான் உடம்பு 'சுகம்'னு நமக்குச் சொல்லுது. மே மாசத்துல பானைத் தண்ணி அமிர்தம். மார்கழி விடியல்ல அதே தண்ணி பல்லைக் கூசவைக்கும்.

காப்பிக்கு வாசனை, கசப்பு, பழக்கம்னு வேற காரணங்களும் இருக்கு. ஆனா கையில டம்ளரைப் பிடிக்கும்போது வர்ற அந்தச் சுகத்துக்குக் கொஞ்சம் குளிர் தேவை. ராத்திரி பூரா 24 டிகிரி, எழுந்ததும் கீசர் வெந்நீர், கேப்ல ஏசி, ஆஃபீஸ்லயும் ஏசி. நாள் முழுக்க உடம்புக்கு எந்தக் குறையும் இல்ல. குறை இல்லாததால, அது தீர்ற சுகமும் இல்ல.

இன்னொரு விஷயம், இந்தச் சுகம் நிக்காது. உடம்பு சமநிலைக்கு வந்ததும் போயிடும். அதனாலதான் ரெண்டாவது டம்ளர் முதல் டம்ளர் மாதிரி இருக்குறதில்ல. அதுக்காகப் பெரிய டம்ளர் வாங்கிப் பிரயோஜனம் இல்ல. மறுநாள் காலையில திரும்பவும் கொஞ்சம் குளிர்ல நிக்கணும், அவ்வளவுதான்.

சரி, நான் ஏன் இத்தனை நாள் இதைத் தவறவிட்டேன்? நவம்பர்ல அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க. கலிஃபோர்னியாவுல காலை 9 மணி மீட்டிங்னா, அதுவரை நமக்கு ராத்திரி ஒன்பதரை. அப்புறம் மார்ச் வரைக்கும் பத்தரை. முடிச்சுட்டுப் படுக்க நடுராத்திரி ஆயிடும். சரியா நம்ம ஊர்ல காலை நேரம் அழகா இருக்குற மாசங்கள்லதான், நான் ஒன்பது மணிக்கு எழுந்துக்கிட்டு இருந்தேன்.

அதனால மேனேஜர்கிட்ட கேட்டேன். வாரத்துல ரெண்டு நாள் மீட்டிங்குக்குப் பதிலா எழுதி அனுப்பிடுறேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டார்.

ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஆனா ரெண்டு வருஷமா அம்மா காலைக் காப்பியைத் தனியாத்தான் குடிச்சிருக்காங்க. அதை நான் கவனிச்சதே அந்தக் கரண்ட் கட் அன்னைக்குத்தான். இப்போ அந்த ரெண்டு நாளும் மாடிப்படியில உட்கார்ந்து சேர்ந்து குடிக்கிறோம். காப்பி ஆறுறதுக்குள்ள பேச்சு முடியுறதில்ல.