வேறு இயந்திரத்தின் ஹெட்டைப் பூட்டுமுன்

இறக்கக்கண்டி, நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குக் கிணறுதான் உயிர். இடம்பெயர்ந்து திரும்பியோர், ஓர் இறைப்பு இயந்திரத்தின் அடிப்பாகத்தில் இன்னொன்றின் ஹெட்டைப் பூட்டி ஒப்பேற்றுவதுண்டு. போல்ட் துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது.

ஹொண்டா ஜீஎக்ஸ் 160, ஜீஎக்ஸ் 200 இரண்டினதும் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீற்றர். ஆனால் பிஸ்டன் ஓடும் தூரம் ஒன்றில் 45, மற்றதில் 54. எனவே ஒன்று 163 சீசீ, மற்றது 196 சீசீ. பிஸ்டன் உச்சியில் நிற்கையில் மேலே மிஞ்சும் இடம் 22 சீசீ என்று வைப்போம். சிறியதில் அமுக்கம் சுமார் எட்டரை மடங்கு. அதே இடம் பெரியதில் மிஞ்சினால் ஏறக்குறையப் பத்து. மண்ணெண்ணெய்க்கு எட்டரையே அதிகம். இயந்திரம் இடிக்கும், பிஸ்டன் பழுதாகும். 1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. தடித்த கெஸ்கெட் போட்டால் அமுக்கம் சற்றுக் குறையும்.

விட்டமே வேறானால் முதலில் கெஸ்கெட்டை அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். அதன் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் தணலாகி, பிளக் பொறிக்குமுன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். எரியறையின் வாய் சிலிண்டரைவிட அகலமென்றால் கெஸ்கெட்டுக்குப் பிடிமானமில்லை, கெதியில் ஊதிவிடும். ஆனால் ரீபோர் செய்து கால் மில்லிமீற்றர் கூடியதற்காக ஹெட்டை மாற்றத் தேவையில்லை.

மிஞ்சும் இடத்தை அளக்க ஊசிமருந்துச் சிரிஞ்ச் போதும். வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை மேலே வரும்படி இயந்திரத்தைச் சரித்து ஒயில் விடுங்கள். எத்தனை சீசீ கொள்கிறதென எண்ணுங்கள். அந்த ஒயிலை முழுதாக வடிக்குமுன் கயிற்றை இழுக்கவேண்டாம். கொனெக்டிங் றொட் வளைந்துவிடும்.